கவுண்டரில் பெயர் கூப்பிட்டபோது: உங்கள் அனுபவம்

லயத்துப் பெண்:
என்னைப் போன்ற திருநங்கைக்கு மலேசியாவில் கிளினிக் கவுண்டர் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இடது கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சுட்டது. ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணம் கட்டி, நம்பர் வாங்கி, சுடிதாரை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். மிஸ்ஸி (நர்ஸ்) கூப்பிட்டார். “என்சிக்” (திரு) என்று தொடங்கி, அப்பா வைத்த பெயரை “ஆனாக் லெலாக்கி” (இன்னாரின் மகன்) வரைக்கும் முழுசாகப் படித்தார். எதிர் பெஞ்சில் எங்கள் தோட்டத்து ஆட்கள். மூன்று முறை கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. நம்பர் சீட்டு கைக்குள்ளேயே நைந்துபோனது. பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான்காம் நாள் மூச்சு முட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். காலில் இருந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தது. பெண் ஹார்மோனுக்காக எட்டு வருஷமாகக் கடையில் வாங்கிப் போட்ட கருத்தடை மாத்திரையைப் பற்றி ஒரு டாக்டரிடம் வாய் திறந்தது அன்றைக்குத்தான். பிழைத்துவிட்டேன். ஆனால் அந்த மூன்றாவது கூப்பாடு இன்னும் காதில் இருக்கிறது.

ஓய்வு மிஸ்ஸி:
தங்கச்சி, மனசு கனக்கிறது. ஆனால் கவுண்டர் பிள்ளையை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். கம்ப்யூட்டரில் ஐசி (அடையாள அட்டை) பெயர்தான் வரும். ஐசியின் கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், அவ்வளவுதான்.

எனக்கும் ஒன்று உறுத்துகிறது. செம்பனை அரிவாள் பட்ட கையோடு ஒரு திருநங்கை வந்தார். மருந்து கட்டும்போது நான் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டேன். மற்றவர்களுக்கு ஒன்றுதான் போடுவேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

மருந்துக்கடைத் தம்பி:
மிஸ்ஸி அக்கா சொல்வதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. நம்பரை மட்டும் கூப்பிட கம்ப்யூட்டரா தடுக்கிறது? ஐசியை உள்ளே வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமே.

எங்கள் கடைக்கும் ஓர் அக்கா வருவார், அதே மாத்திரைக்கு. கேட்டால் வராமல் போய்விடுவாரோ என்று நான் எதுவும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். கருத்தடை மாத்திரையில் பெரும்பாலும் இருப்பது எத்தினில் எஸ்ட்ராடியால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன். ரத்தம் கட்டும் ஆபத்து அதில் கூடுதல். அதனால்தான் ஹார்மோன் சிகிச்சைக்கு டாக்டர்கள் அதைத் தவிர்த்து, உடம்பில் சுரப்பதைப் போன்ற எஸ்ட்ராடியால் தருகிறார்கள். தோலில் ஒட்டும் வகையில் ஆபத்து இன்னும் குறைவு. சீக்கிரம் பலன் தெரியட்டும் என்று மாத்திரையை இரண்டு மூன்றாகப் போடாதீர்கள். சிகரெட்டை விடுங்கள். ஆண் ஹார்மோனைத் தடுக்க ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர்கள் ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்க வேண்டும். பால்மாற்று ஆபரேஷன் செய்த திருநங்கைகளுக்கும் புராஸ்டேட் சுரப்பி உள்ளேதான் இருக்கிறது, வயதானால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீரென்று மூச்சிரைப்பு என்றால் நம்பருக்குக் காத்திருக்காமல் நேரே எமர்ஜென்சி. யாராவது திருநராக இருப்பதை மனநோய் என்றால், 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் அது மனநோய்ப் பகுதியில் இல்லை என்று சொல்லுங்கள்.

அண்ணன்:
தம்பி, அந்தப் பிள்ளை மாத்திரை பற்றிக் கேட்கவே இல்லையே.

என் தம்பி திருநம்பி, ஐசியில் பெண். அடிவயிற்று வலி என்று ராத்திரி இரண்டு மணிக்குக் கொண்டுபோனேன். ஆண்கள் வார்டா, பெண்கள் வார்டா என்று அவன் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் டிராலியில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். அப்போது வயதான ஒரு மலாய்க்கார அம்மா, அங்கே அட்டெண்டன், திரையை இழுத்து மறைத்துவிட்டு, “அடிக், பெயர் என்ன?” என்று கேட்டார். மலாயில் அடிக் என்றால் தம்பியும்தான், தங்கச்சியும்தான். அவன் தன் பெயரைச் சொன்னான். அதை ஒரு துண்டு பிளாஸ்டரில் எழுதிக் கட்டில் கால்மாட்டில் ஒட்டினார். விடியும்வரைக்கும் வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள்.

லயத்துப் பெண்:
மிஸ்ஸி அக்கா, அந்தக் கை வெட்டுப்பட்டவர் தையல் பிரிக்க வந்தாரா?

ஓய்வு மிஸ்ஸி:
வரவில்லை, தங்கச்சி.