கொழுக்கட்டைக் கதையின் முடிவில் அடி வேண்டுமா? சிறுவர் சிரிப்பு நூலுக்கு யோசனை தேவை

கதைக்கூடை கேட்டது:

வணக்கம். மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக, பள்ளி நூலக அலமாரியில் வைக்க ஒரு சிரிப்புக் கதை நூல் தயாராகிறது. அட்டை நீங்கலாக 24 பக்கம், எல்லாப் பக்கத்திலும் படம், நடுவில் பின் அடிக்கும் வகை. கதை எல்லோரும் கேட்டதுதான். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்ற மருமகன், பெயர் மறந்துவிடக் கூடாதே என்று ‘கொழுக்கட்டை, கொழுக்கட்டை’ எனச் சொல்லிக்கொண்டே ஊருக்கு நடக்கிறான். வழியில் வாய்க்கால். ‘அத்திரிபாச்சா!’ என்று தாண்டுகிறான். அதற்குப் பிறகு வாயில் அதுவே ஒட்டிக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து அத்திரிபாச்சா செய்யச் சொல்கிறான், அப்படியொரு பலகாரமே தெரியாது என்ற மனைவியை அடிக்கிறான். ‘நெற்றி கொழுக்கட்டை மாதிரி வீங்கிடுச்சே’ என்று யாரோ சொன்னதும் பெயர் ஞாபகம் வருகிறது.

இந்த முடிவை அப்படியே அச்சிட மனம் ஒப்பவில்லை. அடியை எடுத்துவிட்டால் கதையே நிற்காது என்றும் சொல்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் நீதி ஒன்று சேர்க்க வேண்டும், வெறும் சிரிப்புக்கு நூலகப் பணத்தைச் செலவழிக்கக் கூடாது என்பது இன்னொரு கருத்து. உரையாடல் பேச்சுத்தமிழில் இருக்கலாமா என்பதும் முடிவாகவில்லை. அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பக்கத்திருப்பம் எழுதியது:

அடியை எடுங்கள். வீக்கத்தை எடுக்காதீர்கள். கதையைத் தாங்குவது வீங்கிய நெற்றிக்கும் கொழுக்கட்டைக்கும் உள்ள உருவ ஒற்றுமைதான். அந்த நெற்றி யாருடையது என்பது கதைக்கு முக்கியமே இல்லை. மறந்தவன் அவன், பிடிவாதம் பிடித்தவன் அவன், ஆகவே இடிபடுவதும் அவன் தலையாகவே இருக்கட்டும். கோபித்துக்கொண்டு விருட்டென்று வெளியே கிளம்புகிறான், தாழ்வான வாசல் நிலையில் ‘ணங்’. பழைய வீடுகளின் நிலை குனிந்துதான் போக வேண்டிய உயரத்தில் இருக்கும் என்பதால் வலிந்து சேர்த்ததாகத் தெரியாது. ஆனால் அதை முன்கூட்டியே ஊன்றி வைக்க வேண்டும். அவன் ஊரிலிருந்து வந்து நுழையும்போதே ‘குனிஞ்சு வாங்க’ என்று மனைவி ஒரு வார்த்தை சொல்லட்டும். ஊன்றாமல் விட்டால் கடைசியில் இடிப்பது தற்செயலாகிவிடும். தற்செயலுக்குப் பிள்ளைகள் அவ்வளவாகச் சிரிப்பதில்லை, எதிர்பார்த்தது நடக்கும்போதுதான் குலுங்கிச் சிரிக்கிறார்கள்.

இனி பக்கக் கணக்கு. முதல் பக்கம் வலப்புறம் வரும், ஆகவே ஒற்றைப்படை எண்கள் எல்லாம் வலப்பக்கம். 1 தலைப்பு, 2 நூல் விவரம், கதை 3இல் தொடங்கும். பிள்ளை தாளைப் புரட்டும் இடம் எப்போதும் ஒற்றைப்படைப் பக்கத்தின் முடிவு. எதிர்பார்ப்பு வலப்பக்கத்தில், விடை புரட்டியதும் இடப்பக்கத்தில். 9ஆம் பக்கத்தில் அவன் ஒரு காலைத் தூக்கி, வாயைத் திறந்தபடி வாய்க்கால் கரையில் நிற்கட்டும். புரட்டினால் 10, 11 இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே படம், ஆள் அந்தரத்தில், ஒரே சொல்: ‘அத்திரிபாச்சா!’ 12இல் பழையபடி நடக்கிறான், வாயில் புதுச்சொல். ‘அவனுக்குப் பெயர் மறந்துவிட்டது’ என்ற வாக்கியம் இந்த நூலில் எங்குமே வரக் கூடாது. பிள்ளைக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. கதையின் சிரிப்பு முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஆசிரியர் எடுத்துச் சொன்ன கணத்தில் இடைவெளி மூடிக்கொள்ளும்.

13 முதல் 18 வரை வீட்டுக்குள். மனைவி கேட்டுக் கேட்டுப் பார்க்கிறாள்: வெள்ளையா இருக்குமா? இட்லியா? உள்ளே இனிப்பா? போளியா? இங்கே பிள்ளைகள் விடையைக் கத்துவார்கள், கத்தட்டும். 19இல் கிளம்புகிறான். புரட்டினால் 20இல் இடி மட்டும், எழுத்தே வேண்டாம். 21இல் மனைவி: ‘ஐயையோ, நெத்தி வீங்கி, பார்க்க அப்படியே ஒரு…’ அவ்வளவோடு நிறுத்துங்கள். 22இல் ‘கொழுக்கட்டை!’

ஓவியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டியது: இடமும் வலமும் ஒரே பார்வையில் கண்ணில் விழும். 21இல் வீக்கத்தைப் பெரிதாக வரைந்தால் 20இன் இடிக்கு முன்பே விடை தெரிந்துபோகும். 21இல் அவன் கையால் நெற்றியை மூடியிருக்கட்டும்.

வாக்கிய அமைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் வினை கடைசியில் வருவதால் சிரிப்புச் சொல் நடுவில் புதைந்துவிடும். ‘அவன் நெற்றியில் ஒரு கொழுக்கட்டை முளைத்திருந்தது’ என்றால் வாய்விட்டு வாசிப்பவரின் குரல் ‘முளைத்திருந்தது’ என்பதில் போய் அடங்குகிறது. ‘அவன் நெற்றியில் முளைத்திருந்தது ஒரு கொழுக்கட்டை’ என்று மாற்றினால் சிரிப்பு வாக்கியத்தின் நுனியில் நிற்கும். கைப்பிரதி முழுவதையும் இதற்காகவே ஒருமுறை படியுங்கள்.

கரும்பலகை எழுதியது:

‘வெறும் சிரிப்பு’ என்ற சொல்லுக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நூலகத்துக்கு நூல் வாங்கும் இடங்களில் இது நிறைய நல்ல நூல்களைத் தடுக்கிறது.

ஒரு பிள்ளை ஒரு பத்தியை எழுத்துக்கூட்டி முழுவதும் வாசித்துவிடலாம், பொருள் ஒன்றும் மனதில் ஏறாமலே. கேள்வி கேட்டால் பத்தியில் உள்ள வரியையே திருப்பிச் சொல்லித் தப்பித்துவிடும். சிரிப்பில் அந்தத் தப்பித்தல் நடக்காது. சரியான இடத்தில் சிரித்தால் முந்தைய பக்கத்தை நினைவில் வைத்திருக்கிறது, அடுத்து என்ன என்று ஊகித்திருக்கிறது, அந்த ஊகம் பொய்த்ததையோ பலித்ததையோ கவனித்திருக்கிறது. வாசித்துப் புரிந்துகொள்வது என்பதே இதுதானே.

இரண்டாவது பயன் திரும்ப வாசிப்பது. கொழுக்கட்டை என்ற சொல்லைப் பாருங்கள்: ழு, க்க, ட்டை, மூன்றும் சிறு வகுப்புப் பிள்ளைகள் தடுக்கும் இடங்கள். பயிற்சி ஏட்டில் பன்னிரண்டு தடவை எழுதச் சொன்னால் சலித்துப்போகும். இந்தக் கதையில் அதே சொல் பன்னிரண்டு தடவை வந்தாலும் பிள்ளை பாட்டுப்போல வாசிக்கும், மறுநாள் மறுபடி எடுக்கும். வாய்க்காலுக்கு முன் குறைந்தது மூன்று இடத்திலாவது ‘கொழுக்கட்டை, கொழுக்கட்டை’ வரட்டும். இரண்டே தடவை என்றால் காது இன்னும் பழகியிருக்காது, சொல் மாறியதும் உறைக்காது.

சிரிப்புக் கதை மொழிப்பாடமாவது புதிதும் அல்ல. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை 1822இல் லண்டனில் பெஞ்சமின் பாபிங்டன் வெளியிட்டபோது, ஆங்கில மொழிபெயர்ப்போடு ஒரு சொற்பட்டியலும் முதல் கதைக்கு இலக்கணப் பகுப்பும் சேர்த்தே அச்சிட்டார். தமிழ் கற்க வந்தவர் கையில் கொடுக்கப்பட்டது ஆற்றைக் கடந்துவிட்டுத் தன்னை எண்ண மறந்தவர்களின் கதை. (அந்தக் கதைக்குப் படம் போடுவோர் கவனிக்க: குருவும் ஐந்து சீடரும் சேர்ந்து ஆறு தலை. பிள்ளைகள் விரல் வைத்து எண்ணுவார்கள். ஒரு தலை மரத்துக்குப் பின்னால் மறைந்தாலும் கதை தோற்றது.)

எந்தச் சிரிப்பு யாருக்கு என்பதிலும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்திருப்பது இதற்கு நல்ல அளவுகோல். நுழை நிலையில் எழுத்து ஒன்று சொல்ல, படம் வேறொன்று காட்டும் சிரிப்பு போதும். நட நிலைக்கு உங்கள் கதை போல திரும்பத் திரும்ப வந்து ஓரிடத்தில் புரளும் கதை. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் என்ற விளையாட்டை ஓடு நிலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘விளக்கை அணை’ என்றதும் வேலைக்காரன் விளக்கைக் கட்டிப்பிடித்துச் சுட்டுக்கொள்வது, ‘குழந்தையைப் பார்த்துக்கொள்’ என்றதும் நாள் முழுக்க இமைக்காமல் பார்ப்பது போன்றவை. இரண்டு பொருளையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க ஏழெட்டு வயதாவது ஆக வேண்டும், அதற்கு முன் பெரியவர் சிரிப்பதைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். பொருள் வழக்கொழிந்தாலும் சிலேடை செத்துவிடும். ‘கால் படி அரிசி’ என்று வைத்து எழுதிய வேடிக்கை, அரிசி அளக்கும் படியைக் கண்ணால் பார்க்காத பிள்ளைக்குச் சேராது.

கதைக்கூடை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. 20ஆம் பக்கத்தை எழுத்தில்லாமல் விடுவது இப்போதே முடிவு. இன்னும் இரண்டு கேள்வி. நிலையில் இடிப்பதும் ஒருவரின் வலியைப் பார்த்துச் சிரிப்பதுதானே, அது சரியா? பேச்சுத்தமிழ் பற்றியும் சொல்லுங்கள்.

பக்கத்திருப்பம் எழுதியது:

சரியான கேள்வி. தொல்காப்பியத்தில் உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பேசும் மெய்ப்பாட்டியல், நகை (சிரிப்பு) பிறக்கும் இடம் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். சிறுவர் நூல் தயாரிப்பவர் மேசையில் ஒட்டிவைக்க வேண்டிய பட்டியல் இது. இளமை, பிள்ளைத்தனம். பேதைமை, அறியாமை. மடன் என்பதைச் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு விடாத வெள்ளந்தித்தனம் என்று எடுத்துக்கொண்டால் நம் மருமகனுக்கும் விளக்கைக் கட்டிப்பிடித்தவனுக்கும் அளவெடுத்துத் தைத்த சொல். இந்த மூன்றிலும் தாராளமாகப் புழங்கலாம். எள்ளல், அதாவது பிறரை இகழ்ந்து சிரிப்பது, அந்த ஒன்றில்தான் கையைச் சுட்டுக்கொள்வோம்.

கைப்பிரதியைச் சோதிக்க ஒரு வழி உண்டு. இந்தக் கதையை வாசித்த மறுநாள் வகுப்பில் யாருக்காவது பட்டப்பெயர் விழுமா? குண்டு, கருப்பு, திக்குவாய், நொண்டி, சாதியைக் காட்டும் பெயர், இவற்றை வைத்துச் சிரிக்க வைத்தால் கட்டாயம் விழும், அந்த வருடம் முழுக்க ஒரு பிள்ளை அதைச் சுமக்கும். அப்படிப்பட்ட வரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள். அத்திரிபாச்சா என்று யாரையாவது கூப்பிட்டால் கூப்பிடப்பட்ட பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும், ஏனென்றால் மறதி எல்லோருக்கும் உரியது. இடிக்கும் காட்சியில் இரத்தம், கண்ணீர் வேண்டாம். தாளைப் புரட்டியதுமே 22இல் அவன் மகிழ்ச்சியில் குதிக்க வேண்டும், அப்போது பிள்ளையின் மனம் வலியில் தங்காது.

பேச்சுத்தமிழ்: கதை சொல்லும் வரிகள் எளிய எழுத்துத்தமிழில், பேசும் வரிகள் பேச்சுத்தமிழில், மூன்றாம் வகுப்புக்கு மேல் இது நன்றாகவே நிற்கும். தவறு நேர்வது எழுத்துக்கூட்டில். ‘போயிட்டான்’, ‘போய்ட்டான்’ என்று பக்கத்துக்குப் பக்கம் மாறினால் இப்போதுதான் வேகம் பிடிக்கும் வாசகர் நின்றுவிடுவார். பேச்சுச் சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரே வடிவம் என்று முடிவுசெய்த பிறகு மெய்ப்புப் பாருங்கள். இரட்டைச் சொற்களையும் விட்டுவிடாதீர்கள். ‘இட்லி கிட்லியா இருக்குமோ?’ என்று மனைவி கேட்டாலே அறைக்குள் அடுப்படிக் குரல் வந்துவிடும்.

வேலிக்கதியால் எழுதியது:

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளையும் நினைவில் வையுங்கோ. கொழுக்கட்டை எங்களுக்கு நல்லாத் தெரிந்த சாமான், ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும் என்று நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பாட்டே இருக்கு. ஆனால் உரையாடல் முழுக்கச் சென்னைப் பேச்சு என்றால் இங்கத்தைப் பிள்ளைக்குச் சிரிப்பு ஒரு நொடி பிந்தும், பிந்தினால் போச்சு. சிரிப்பு தங்கியிருக்கும் சொல்லை மட்டும் எல்லாருக்கும் பொதுவாக வைத்திருங்கோ, சுற்றியுள்ள பேச்சு எந்த ஊராய் இருந்தாலும் விளங்கும். அடிக்குறிப்புப் போட்டு விளங்கப்படுத்த வேண்டாம்.

அதே புலவரின் கத்தரி வெருளிப் பாட்டையும் ஒருக்கா வாசித்துப் பாருங்கோ. தோட்டத்து வெருளியை, அதுதான் சோளக்கொல்லைப் பொம்மையை, காவல் நிற்கும் சேவகனாய் நினைத்துப் பேசுவது. கேட்கிற பிள்ளைக்கு அது வைக்கோல் என்று தெரியும். மேலே பக்கத்திருப்பம் சொன்ன அந்த இடைவெளி இதிலும் இருக்கு.

கரும்பலகை எழுதியது:

அச்சுக்குப் போகுமுன் கட்டாயம் செய்ய வேண்டியது: மாதிரிப் படியை ஐந்தாறு பிள்ளைகள் கொண்ட இரண்டு குழுக்களில் வாய்விட்டு வாசியுங்கள். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் தனிப் படியில் குறிக்கட்டும். சிரித்த இடத்துக்கு ஒரு குறி, ‘அப்படின்னா?’ என்று கேட்ட இடத்துக்கு ஒரு குறி, கண் வேறு பக்கம் போன இடத்துக்கு ஒரு குறி. வாசிப்பவர் தான் சிரிக்கக் கூடாது, புரட்டும் முன் இரண்டு நொடி நிறுத்த வேண்டும். இரண்டு குழுவும் சிரிக்காத இடத்தில் பெரும்பாலும் குற்றம் வசனத்தில் இல்லை, அதற்கு வேண்டிய பொருள் தெரிந்திருக்காது. வாய்க்கால் என்றால் என்னவென்று தெரியாத நகரத்துப் பிள்ளைக்குத் தாண்டுவதன் அருமை எப்படித் தெரியும்? அப்படியானால் விளக்கம் எழுதாமல், இரண்டு பக்கம் முன்னாலேயே தூரத்தில் வாய்க்காலையும் அதைத் தாண்டும் ஓர் ஆட்டையும் வரைந்துவிடுங்கள். உடனிருந்த பெரியவர்கள் மட்டும் சிரித்த வரியை எடுத்துவிடுங்கள். மறுநாள் அதே குழுவுக்கு மறுபடி வாசித்து, முதல் நாளைவிட முன்கூட்டியே சிரிப்பு தொடங்குகிறதா என்று பாருங்கள். தொடங்கினால் நூல் அலமாரியில் தூங்காது.

பக்கத்திருப்பம் எழுதியது:

நீதிக்கு ஒதுக்கிய கடைசிப் பக்கம் பற்றி. 23இல் இருவரும் சுடச்சுடத் தின்கிறார்கள். மனைவி ‘பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பக்குவம் சொல்லிட்டு வரேன்’ என்று ‘கொழுக்கட்டை, கொழுக்கட்டை’ சொல்லியபடி வாசலைத் தாண்டுகிறாள். 24இல் எழுத்து எதுவும் இல்லை. தெருவில் நேற்றைய மழைக்குத் தேங்கிய ஒரு குட்டை, அதன் விளிம்பில் ஒரு காலைத் தூக்கியபடி அவள். அடுத்த சொல்லைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.