மெல்லிய காற்றுக்குப் பிளைவுட் கைட்போர்டு: வளைவு எவ்வளவு?

ராமேஸ்வரம் பக்கம் காற்று 12 நாட் (மணிக்கு சுமார் 22 கி.மீ.) தாண்டாத நாட்களில் என் 136 செ.மீ. கைட்போர்டு (பட்டம் இழுக்க, நின்றபடி தண்ணீர் மேல் சறுக்கும் பலகை) என்னோடு சேர்ந்து முங்குகிறது. என் எடை 82 கிலோ, பட்டம் 12 சதுர மீட்டர். பிளைவுட்டில் 160×45 செ.மீ. பலகை செய்யலாமா?

பதில்: தாராளமாக. 4 மி.மீ. மெரைன் பிளை (தண்ணீர் தாங்கும் பிளைவுட்) இரண்டை எபாக்சி பசை தடவி, வளைந்த அச்சின் மேல் கிளாம்ப் போட்டு ஒட்டுங்கள். நுனி 2 செ.மீ. மேலே எழும் வளைவு போதும், தட்டையான பலகைதான் குறைந்த வேகத்திலேயே தண்ணீர் மேல் ஏறும். நான் முதலில் 5 வைத்தேன். ஏர் உழுத மாதிரி இருந்தது!

கேட்டவர்: அச்சிலிருந்து எடுத்ததும் நிமிர்ந்துவிடாதா, அண்ணே?

பதில்: கொஞ்சம் நிமிரும். அச்சை 2.5 செ.மீ. வைத்து வெட்டுங்கள்.

இன்னொருவர்: விளிம்போடு, கால் வார்களைத் திருகும் துளைகளுக்கும் எபாக்சி பூசுங்கள். என் பலகை அந்தத் துளை வழியாகத்தான் தண்ணீர் குடித்து உப்பியது.