பழைய பிரதர் கேஎச் 881 பின்னல் மெஷின்: கண்ணி விழுகுது, கேரியேஜ் இறுகுது. உதவி தேவை

பின்னல்பிரியை (லண்டன்)
வணக்கம். பிரதர் கேஎச் 881, பஞ்ச் கார்ட் மெஷின், செகண்ட் ஹாண்டாக எடுத்தது. வெளியில பார்க்க வடிவா இருக்கு, துருவும் இல்லை. கையேடு இல்லை. 4 பிளை அக்ரிலிக் நூல், டென்ஷன் 7, நடுவில 60 ஊசி. நாலைஞ்சு வரிசைக்குள்ள கண்ணி விழத் தொடங்குது, அதுவும் ஒவ்வொரு முறையும் வேற வேற இடத்தில. சில நேரம் கேரியேஜ் (ஊசிகளுக்கு மேலால இடம் வலமா ஓட்டுற பாகம்) பாதி வழியில இறுகி நிண்டுடுது. கேரியேஜில இருக்கிற டக் பட்டனை (டக் எண்ட பின்னல் வகைக்கானது) அமத்தினால் திரும்பி மேல வருதில்லை. ஊசி முழுக்க மாத்த வேணுமோ? 200 ஊசிக்கும் காசு குடுக்கிறதெண்டால் மெஷினை விட ஊசி விலை கூடிப்போகும்.

நூற்கண்டு (டொராண்டோ)
ஊசிக்கு இப்ப காசு செலவழிக்காதேங்கோ. ஒரே இடத்தில திரும்பத் திரும்ப விழுந்தால்தான் ஊசியில சந்தேகப்படலாம். இடம் மாறி மாறி விழுந்தால் ஸ்பாஞ்ச் பார் போயிட்டுது. ஊசிகளுக்கு மேலால, படுக்கையின்ர (ஊசிகள் வரிசையா இருக்கிற தட்டு) முழு நீளத்துக்கும் ஓடுற தட்டையான இரும்புச் சட்டம் அது. அதின்ர அடியில ஒட்டியிருக்கிற நுரைதான் ஊசிகளைக் கீழ அமத்தி வைச்சிருக்கும். நுரை நசிஞ்சு தட்டையானால் ஊசி மேல எழும்பும். எழும்பின ஊசியில கேரியேஜ் முட்டினால் இறுகும், முட்டாமல் தாண்டினால் கண்ணி விழும். உங்கட இரண்டு குறையும் ஒண்டுதான். இது கம்பெனிப் பிழையில்லை, எந்த நுரைக்கும் வயசு போனால் வாறதுதான்.

சோதிக்க: ஒரு ஊசியை டி நிலைக்கு இழுத்து, கொக்கியைப் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்கோ. நல்ல நுரை எண்டால் எதிர்த்து அமத்தும். ஊசி லொடலொடவெண்டு எழும்பினால் முடிஞ்சுது. (பிரதரில ஊசி நிக்கிற நிலைகள் பின்னால இருந்து முன்னால ஏ, பி, டி, ஈ. சி கிடையாது, தேடாதேங்கோ.)

கழட்ட: எல்லா ஊசியையும் ஏ நிலைக்குத் தள்ளுங்கோ. சட்டத்தின்ர ஒரு முனையை ஸ்க்ரூ டிரைவரால மெல்ல உள்ளுக்குத் தள்ள, மற்றப் பக்கத்தால தலை நீட்டும். அதைப் பிடிச்சு நேராக இழுக்கவேணும். வளைச்சு இழுத்தால் சட்டம் கோணிப்போகும்.

கேரியேஜ் இறுகினால் பலம் பிடிக்கவே வேண்டாம். கேரியேஜுக்கு முன்னால பூட்டியிருக்கிற சிங்கர் பிளேட்டின்ர (sinker plate, சிங்கர் கம்பெனி இல்லை) இரண்டு திருகாணியையும் தளர்த்திக் கழட்டி, கேரியேஜில இருக்கிற மாற்றுக் குமிழைச் சிஆரில (CR, கேரியேஜை விடுவிக்கிற நிலை) வைச்சால் கேரியேஜை அப்பிடியே மேல தூக்கலாம்.

தறிநாடா (திருப்பூர்)
நூற்கண்டு சொல்றது சரி. டக் பட்டன் மட்டும் தனி விஷயம், அது பழைய கிரீஸ். பல வருஷம் ஓடாம கிடந்தா கிரீஸ் பிசின் மாதிரி கெட்டியாயிடும். கேரியேஜைத் தலைகீழாக் கவுத்து, உலோகப் பாகங்கள்ல மட்டும் வைட் ஸ்பிரிட் தொட்டு பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால தேயுங்க. பட்டனை அமுக்கி விட்டு, அமுக்கி விட்டு, பழுப்பா வர்றது நிக்கிற வரைக்கும் துடைக்கணும். ஜன்னலைத் திறந்து வைங்க, பக்கத்துல அடுப்பு எரியக் கூடாது. பிளாஸ்டிக்ல அச்சடிச்ச எழுத்து மேல படாம பாருங்க, அழிஞ்சிரும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீங்க, அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைச்சிடும்.

காஞ்சதும் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு அசையும் இடத்துக்கும் ஒரு சொட்டு. படுக்கையோட முன் தண்டவாளம், பின் தண்டவாளம் ரெண்டையும் எண்ணெய்த் துணியால ஒரு தடவை துடைங்க. டபிள்யூடி-40 இறுகினதை இளக்கும், ஆனா எண்ணெய்க்குப் பதில் ஆகாது. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

சிங்கர் பிளேட்டுக்கு அடியில சின்னச் சின்ன பிரஷ் சக்கரம் இருக்கும். அதுல நூல் சுத்திக்கிட்டிருந்தாலும் கண்ணி விழும். திருகாணியைக் கழட்டி, சுத்தின நூலை வெட்டி எடுங்க. விரலால தட்டினா சக்கரம் தடையில்லாம சுத்தணும்.

பின்னல்பிரியை
சட்டம் வந்திட்டுது. நுரை எண்டு ஒண்டும் இல்லை, கறுப்புத் தார் மாதிரி ஒட்டிக் கிடக்கு. ஜன்னல் இடுக்குக்கு ஒட்டுற நுரை நாடா வீட்டில கிடக்கு. அதை ஒட்டலாமோ?

நூற்கண்டு
வேண்டாம். அந்த நாடாக்கள் அநேகமாக மூடின அறை நுரை (closed cell, உள்ளுக்குள்ள காற்றுக் குமிழி ஒவ்வொண்டும் தனித்தனியா மூடியிருக்கும்). விறைப்பு கூட, அதனால கேரியேஜ் பாரமாகும், கெதியில நசிஞ்சும் போகும். மெத்தென்ற திறந்த அறை நுரை (open cell) வேணும். தாரை வைட் ஸ்பிரிட்டால முழுக்கச் சுரண்டி எடுத்து, சட்டத்தின்ர அகலத்துக்கு நுரையை வெட்டி ஒட்டி, அதுக்கு மேல வழுவழுப்பான ரிப்பன் ஒண்டை ஒட்டவேணும். ரிப்பன் இல்லாட்டில் ஊசி நுரையைக் கிழிச்சுப்போடும். நுரை சட்டத்தின்ர விளிம்பை விட மேல நிக்கவேணும். விளிம்போட சமமெண்டால் பிரயோசனம் இல்லை. உண்மையைச் சொன்னால், முதல் தரம் செய்யிறவை ரெடிமேட் பார் ஒண்டு வாங்கிறது நல்லம். மெஷின் சரியா இல்லையா எண்டு முதல்ல தெரியவேணும், நுரை வெட்டப் பிறகு பழகலாம்.

திரும்பப் போடேக்க நுரைப் பக்கம் கீழ, இரும்பு மேல. ஒரு கையால ஊசிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ அமத்திக்கொண்டு மற்றக் கையால தள்ளுங்கோ.

பின்னல்பிரியை
புது பார் போட்டாச்சு, நடுவில ஒரு கண்ணியும் விழேல்லை. டக் பட்டனும் துள்ளி வருது. இப்ப இடப்பக்க ஓரத்தில மட்டும் நூல் தொங்கி வளையம் வளையமா வருது. இன்னொண்டு: மலிவா கோன் நூல் விளம்பரம் ஒண்டு பார்த்தேன், 2/30 அக்ரிலிக்காம். இந்த மெஷினுக்குச் சரிவருமோ?

தறிநாடா
ஓரத்துக்கு: நூல் கம்பத்துல மேல இருக்கிற கம்பி ஸ்பிரிங் தொய்வை இழுத்துக்கணும். வரிசை முடியும்போது அது மேல எழும்பலைன்னா அதே கம்பத்துல இருக்கிற டென்ஷன் தட்டை ஒரு படி கூட்டுங்க, தட்டுக்கு நடுவுல பஞ்சு சிக்கியிருக்கான்னும் பாருங்க. ஓரத்துல நகப் பாரத்தை (நகம் மாதிரி கொக்கி உள்ள சின்ன எடை) மாட்டி, பின்னல் இறங்க இறங்க மேல நகர்த்திக்கிட்டே வரணும். ஓரத்தைத் தாண்டி கேரியேஜை ரொம்ப தூரம் ஓட்டுனாலும் நூல் தொங்கும்.

கோனுக்கு: 2/30ன்னா ஒத்தை இழை கிலோவுக்கு 30,000 மீட்டர், ரெண்டு முறுக்கினா 15,000. அதாவது 100 கிராமுக்கு 1,500 மீட்டர். 4 பிளை நூல் சுமார் 400 மீட்டர்தான். அதனால 4 பிளை கனம் வேணும்னா மூணு நாலு இழை சேர்த்து ஓட்டணும். மெல்லிசு துணிக்கு ரெண்டு போதும். பருத்திக் கோனுக்கு இந்தக் கணக்கு வேற. எங்க ஊர் பனியன் 30ஸ் நூல் 100 கிராமுக்கு சுமார் 5,000 மீட்டர். உங்க மெஷினுக்கு அது பன்னெண்டு இழை ஆகும். எவ்வளவு மலிவா கிடைச்சாலும் அதை வாங்காதீங்க. கம்பளிக் கோன்னா பூச்சி அரிச்சிருக்கான்னு அங்கங்க இழுத்துப் பாருங்க, அறுந்துக்கிட்டே வந்தா விடுங்க.

பின்னல்பிரியை
நன்றி. அதே ஆள் கேஆர் 850 ரிப்பர் (ரிப் பின்னலுக்கு மெஷினோட பொருத்துற இரண்டாவது ஊசிப் படுக்கை) ஒண்டும் விக்கிறார். பொருந்துமோ?

நூற்கண்டு
பொருந்தும். ஆனால் படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கோ: இரண்டு கேரியேஜையும் சேர்க்கிற இணைப்புக் கை, பொருத்துற கிளாம்புகள், ரிப்பர்ச் சீப்பு (பின்னலைத் தொடங்கேக்க கொழுவுறது), அதுக்குரிய பாரங்கள். இணைப்புக் கை இல்லாட்டில் வாங்காதேங்கோ, தனியாத் தேடிப் பிடிக்கிறது கஷ்டம். மற்றதுகள் குறைஞ்சால் விலையைக் குறைச்சுக் கேக்கலாம்.