மின்சிகரெட்டில் போடும் 18650 செல்களை உண்மையில் தயாரிப்பவர்கள் யார்?

லூயிஷம் தங்கை:

அனைவருக்கும் வணக்கம். இலண்டனில் என்னுடன் வசிக்கும் அண்ணன், முப்பது ஆண்டுகளாகப் புகைத்துவந்த சிகரெட்டை இரண்டு ஆண்டுகளுக்கு முன் விட்டார். அதற்குத் துணையாக, செல்களைக் கழற்றி மாற்றக்கூடிய ஒரு வேப் கருவியை, அதாவது மின்சிகரெட்டை வைத்திருக்கிறார். சென்ற மாதம் ஒரு சந்தைக் கடையில் அதற்கு இரண்டு புதிய 18650 செல்களை மலிவாக வாங்கி வந்தார். ஊதா நிற உறையில் நான் கேள்விப்பட்டிராத ஒரு பெயரும், "3500 எம்ஏஎச், 40 ஆம்பியர்" என்ற எழுத்தும் இருக்கின்றன. எந்த நாட்டில் செய்யப்பட்டது என்ற குறிப்பு இல்லை. போட்ட இரண்டாவது வாரத்திலேயே கருவியின் அடிப்பகுதி கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடாகிவிட்டது. கடைக்காரரைக் கேட்டபோது, "பெயர்தான் வேறு, உள்ளே இருப்பது கொரிய செல்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

உறையில் பெயர் போட்டிருப்பவர்தான் தயாரிப்பாளரா, அல்லது கடைக்காரர் சொல்வதுபோல் உள்ளே வேறொருவரின் செல் இருக்குமா? வேப் கருவிகளுக்கென்றே செல் செய்கிற நிறுவனங்கள் இருக்கின்றனவா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

மின்கலப் பரிசோதகர்:

வணக்கம் தங்கச்சி. கேள்விக்குப் போகும் முன் ஒரு வேலை: அந்த இரண்டு செல்களையும் இன்றே கருவியிலிருந்து எடுத்து, ஒன்றையொன்று தொடாதபடி தனித்தனி பிளாஸ்டிக் பெட்டிகளில் வைக்கச் சொல்லுங்கள். அவற்றை மீண்டும் சார்ஜ் செய்ய வேண்டாம்.

18650 என்பது அளவைக் குறிக்கும் எண்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அதைவிடச் சற்றுப் பெரியது 21700. அதிக மின்னோட்டம் தரக்கூடிய இந்த உருளைச் செல்களை நம்பகமாகச் செய்பவர்கள் உலகில் மிகச் சிலரே. சோனி நிறுவனம்தான் 1991-இல் லித்தியம் அயன் செல்லை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் மின்கலத் தொழிலை 2017 செப்டம்பரில் மூராட்டா வாங்கிவிட்டதால், விடிசி5ஏ, விடிசி6 என்ற பழைய பெயர்களிலேயே வருபவை இப்போது மூராட்டா செல்கள். தென்கொரியாவில் சாம்சங் எஸ்டிஐ நிறுவனம் 25ஆர், 30க்யூ ஆகியவற்றைச் செய்கிறது. எல்ஜி கெம் நிறுவனத்திலிருந்து 2020 டிசம்பரில் தனியாகப் பிரிந்த எல்ஜி எனர்ஜி சொல்யூஷன், பழுப்பு உறையில் வரும் எச்ஜி2 செல்லுக்குச் சொந்தக்காரர். சான்யோவைத் தன்னுடன் இணைத்துக்கொண்ட பானசோனிக் ஜப்பானில் இருக்கிறது. தைவானில் மாலிசெல் என்ற பெயரில் விற்கும் ஈ-ஒன் மாலி எனர்ஜி இருக்கிறது. சீனாவில் ஈவ், பாக், லிஷென் போன்றவை இருக்கின்றன. வேப் கடைகளில் தனியாக விற்கப்படும் நல்ல செல்லின் பிறப்பிடம் பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும்.

இவர்கள் யாரும் இந்தச் செல்களை வேப் கருவிக்காகச் செய்யவில்லை. துளையிடும் கருவி, கம்பியில்லாத் தூசு உறிஞ்சி, மின்மிதிவண்டி ஆகியவற்றின் பேட்டரிப் பெட்டிகளுக்குள், பாதுகாப்பு மின்சுற்றோடு சேர்த்துப் பொருத்துவதற்காகவே செய்கிறார்கள். தனிச் செல்லாக மின்சிகரெட்டில் பயன்படுத்த வேண்டாம் என்று எல்ஜி, சாம்சங், சோனி ஆகியவை வெளிப்படையாகவே சொல்லியிருக்கின்றன. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் ஒரு படி மேலே போய், தனி 18650 செல்களை வாங்கவே வேண்டாம் என்று பொதுமக்களை எச்சரித்தது. சாம்சங் செல் என்று நம்பி வாங்கினாலும், அந்தப் பயன்பாட்டுக்குச் சாம்சங் பொறுப்பேற்கவில்லை என்பதை அண்ணன் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

அப்படியானால் கடைகளில் காணும் மற்றப் பெயர்கள் யாருடையவை? பெரும்பாலும் உறை மாற்றி விற்பவர்களுடையவை. அவர்களிடம் செல் செய்யும் ஆலை கிடையாது. மொத்தமாக வாங்கிய செல்லுக்குத் தங்கள் பெயர் அச்சிட்ட பிளாஸ்டிக் உறையைப் போடுகிறார்கள். அவர்களில் நேர்மையாக நடப்பவர்களும் உண்டு. ஆனால் பலர் உள்ளே இருக்கும் செல்லின் உண்மையான அளவை விட்டுவிட்டு, வாங்குபவர் விரும்பும் எண்ணை அச்சிடுகிறார்கள்.

உங்கள் ஊதா உறையே இதற்குச் சான்று. எம்ஏஎச் என்பது செல்லின் சேமிப்பைக் குறிக்கும் அளவு, ஆம்பியர் என்பது அது தரும் மின்னோட்டத்தின் அளவு. செல்லின் எஃகுக் குவளையின் கொள்ளளவு மாறாதது. அதற்குள் சுருட்டி வைக்கும் மின்முனைத் தகட்டின் மேல் வேதிப்பூச்சைத் தடிமனாகப் பூசினால் சேமிப்புக் கூடும், ஆனால் அயனிகள் அந்தத் தடிமனைக் கடந்துவர நேரமாவதால் மின்னோட்டம் குறையும். பூச்சை மெல்லியதாக்கித் தகட்டை நீளமாக்கினால் மின்னோட்டம் கூடும், சேமிப்புக் குறையும். சாம்சங்கின் 35இ 3500 எம்ஏஎச் தருகிறது, ஆனால் 8 ஆம்பியர்தான். 25ஆர் 20 ஆம்பியர் தருகிறது, ஆனால் 2500 எம்ஏஎச்தான். எல்ஜியின் எச்ஜி2 3000 எம்ஏஎச், 20 ஆம்பியர். 3500-ஐயும் 40-ஐயும் ஒரே 18650 உறையில் அச்சிட்டவர், உள்ளே இருப்பதைப் பற்றி உண்மை சொல்லவில்லை என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

திருப்பூர் பேட்டரி வேலை:

பரிசோதகர் ஐயா சொன்னதை ஆமோதிக்கிறேன். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மின்சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, சேமித்து வைப்பது எல்லாமே தடைசெய்யப்பட்டவை. ஆகவே அந்தக் கருவியைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் துளையிடும் கருவிக்கும் மின்மிதிவண்டிக்கும் பேட்டரிப் பெட்டி கட்டுகிற வேலையில் இருப்பதால், இந்தச் செல்களைத் தினமும் கையில் எடுக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மொத்த வியாபாரியிடம் இருநூறு செல்கள் வாங்கினேன். புத்தம் புதிய பச்சை உறை, தெளிவான அச்சு. ஒன்றை எடுத்து நகைக்கடைத் தராசில் வைத்தபோது 31 கிராம் காட்டியது. அதே அளவுள்ள உண்மையான செல் 45 கிராமுக்கு அருகில் இருக்க வேண்டும். மனம் கேட்காமல் இன்னும் பத்துச் செல்களின் உறையைக் கிழித்துப் பார்த்தேன். ஏழு செல்களின் அடியில், பேட்டரிப் பெட்டிக்குள் செல்களை இணைக்கும் புள்ளிப் பற்றவைப்பின் தழும்புகள் இருந்தன, அதாவது அவை ஏற்கெனவே ஏதோவொரு பழைய மடிக்கணினிப் பேட்டரியில் உழைத்துக் களைத்தவை. தழும்பைத் தேய்த்துவிட்டு மேலே புது உறை போட்டிருக்கிறார்கள். அந்த இருநூறையும் நான் யாருக்கும் கட்டிக் கொடுக்கவில்லை. நட்டம் என்னோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

உறையைப் பற்றி இன்னொரு முக்கியமான செய்தி. 18650-இன் எஃகுக் குவளை முழுவதுமே எதிர்முனை. நேர்முனைக்குப் பக்கத்தில் வரும் விளிம்புகூட எதிர்முனைதான். நேர்முனைக்கும் அந்த விளிம்புக்கும் நடுவில், மேற்புறத்தில் காப்பாக இருப்பது மெல்லிய உறையும் ஒரு சிறு காகித வளையமும் மட்டுமே. உறை ஓரத்தில் கிழிந்த செல் சட்டைப்பையில் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் கிடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் வீட்டில் செல்லின் உறையை நீங்களாகக் கிழித்துப் பார்க்க வேண்டாம், சகோதரி. தராசு மட்டும் போதும்.

பினாங்கு கொள்முதல்:

வேப் கருவிகளுக்கென்றே செல் செய்பவர்கள் இருக்கிறார்களா என்ற இரண்டாவது கேள்விக்கு என் பங்கு. கழற்றி மாற்றும் 18650-ஐப் பொறுத்தவரை பரிசோதகர் சொன்னதே சரி. ஆனால் கருவிக்குள்ளேயே பதித்து வரும் சிறிய செல்களின் கதை வேறு. அது தென்சீனத்தில் இதற்கென்றே வளர்ந்த தொழில்.

உலகின் வேப் கருவிகளில் மிகப் பெரும்பகுதி ஷென்ஷென் நகரத்தின் பாவோஆன் வட்டாரத்தில் உருவாகிறது. அதற்கு அருகிலுள்ள ஹுய்சௌ நகரத்தில் 2001-இல் தொடங்கிய ஈவ் எனர்ஜி, மின்சிகரெட்டுக்கான சிறிய செல்களை விற்று வளர்ந்த நிறுவனம். 2014-இல் வேப் கருவித் தயாரிப்பாளரான ஸ்மூர் நிறுவனத்தின் பாதிக்கும் சற்று மேலான பங்கையும் வாங்கியது. அதே ஈவ் இன்று மின்வாகனங்களுக்கான பெரிய செல்களையும் செய்கிறது.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் வேப்களில் பெரும்பாலும் 13 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய உருளைச் செல் இருக்கும். அதன் மேல் எவர் பெயரும் இருக்காது. கருவியின் மேல் இருக்கும் பெயருக்கும் செல் வந்த ஆலைக்கும் தொடர்பு தெரியாது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் ஆக்ஸ்போர்டும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் தூக்கியெறியப்பட்ட வேப்களின் செல்கள் 450 முறைக்கும் மேல் மீண்டும் சார்ஜ் ஏற்றுக்கொண்டன. அத்தனை உழைப்புக்கும் தகுதியான ஒரு பொருளை ஒருமுறை மட்டும் பயன்படுத்திக் குப்பையில் போட்டிருக்கிறோம் என்பது எனக்குப் பெரிய வேதனை. பிரித்தானியா 2025 ஜூன் 1 முதல் அவற்றின் விற்பனையைத் தடைசெய்தது நல்ல முடிவு.

லூயிஷம் தங்கை:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. தராசில் வைத்துப் பார்த்தேன்: ஒன்று 43 கிராம், மற்றொன்று 38 கிராம். ஒரே பெட்டியில் வந்த இரண்டு செல்களே ஒன்றல்ல! அண்ணனுடைய கருவி 80 வாட் என்று எழுதியிருக்கிறது. வேறொரு கடையில் மாலிசெல் பி26ஏ பரிந்துரைக்கிறார்கள். அந்த நிறுவனத்தை நம்பலாமா?

மின்கலப் பரிசோதகர்:

நம்பலாம், அதன் வரலாற்றையும் சொல்கிறேன், ஏனெனில் அந்த நிறுவனம் கற்ற பாடம் இந்தத் துறைக்கே பாடமானது. மாலி எனர்ஜி 1977-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தொடங்கியது. மாலிப்டினம் டைசல்பைடும் தூய லித்தியம் உலோகமும் கொண்ட செல்லைச் செய்ததால்தான் அந்தப் பெயர். 1989-இல் ஜப்பானில் அவர்களுடைய செல் பொருத்திய கைப்பேசி தீப்பிடித்ததும் செல்களையெல்லாம் திரும்பப் பெற நேர்ந்தது, நிறுவனமும் நொடித்துப்போனது. ஜப்பானியர் கைக்கு மாறி, பின்னர் தைவானியர் கைக்கு வந்து, உலோக லித்தியத்தைக் கைவிட்டு லித்தியம் அயனுக்கு மாறியது. இன்று பி26ஏ செல்லை 2600 எம்ஏஎச், 35 ஆம்பியர் என்று மதிப்பிட்டு, சோதனை வரைபடங்களோடு விவரத்தாளையும் வெளியிடுகிறார்கள்.

ஆனாலும் கணக்கைப் பார்ப்போம். செல் வடிந்து 3.2 வோல்ட்டுக்கு இறங்கும்போது, கருவியில் பத்தில் ஒரு பங்கு விரயமாவதாகக் கொண்டால், 80 வாட்டை ஒரே செல்லிலிருந்து எடுக்க ஏறத்தாழ 28 ஆம்பியர் தேவை. இரண்டு செல்கள் போடும் கருவியானால் ஒவ்வொன்றும் 14 ஆம்பியர் தந்தால் போதும். ஆகவே பி26ஏ தாராளமாகத் தாங்கும். இரண்டையும் ஒரே நாளில் வாங்கி, ஒரே சார்ஜரில் சேர்த்தே ஏற்றி, சேர்த்தே பயன்படுத்த வேண்டும். ஒன்று பழுதானால் இரண்டையும் மாற்ற வேண்டும். 43-உம் 38-உம் ஒன்றாக உழைத்ததால்தான், வலுவில்லாத செல் எல்லை மீறி வடிந்து கருவி சூடாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

மாலிசெல் உறையையும் போலியாக அச்சிடுபவர்கள் உண்டு. எனவே எந்த விநியோகிப்பாளரிடமிருந்து கொள்முதல் செய்கிறீர்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

லூயிஷம் தங்கை:

கேட்டோம், கடைக்காரர் விநியோகிப்பாளரின் விலைச்சீட்டையே எடுத்துக் காட்டினார். இரண்டு பி26ஏ செல்களும், அவற்றை வைக்க ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் வாங்கிவிட்டோம். ஊதாச் செல்களின் இரு முனைகளிலும் காப்பு நாடா ஒட்டி, மாநகராட்சியின் மறுசுழற்சி மையத்தில் அண்ணனே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

திருப்பூர் பேட்டரி வேலை:

முனையில் நாடா ஒட்டிக் கொடுத்தது மிகச் சரி, சகோதரி. புதுச் செல்களையும் ஒருமுறை தராசில் வைத்து, எடையைப் பெட்டியின் மேல் எழுதி வையுங்கள்.

லூயிஷம் தங்கை:

46, 46.