நாகலூரிலிருந்து சேலம் போய்வர பழைய கார்: 3 லட்சத்துக்குள் எது தேறும்?

நாகலூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காடு தாண்டி நாகலூரில் இருக்கிறேன். ரெண்டு ஏக்கர் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, அவ்வளவுதான் எங்கள் சொத்து. போன ஆடியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். வாரம் ஒருமுறை சேலத்துக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். பஸ்ஸில் ஏற்றி இறக்குவதற்குள் அவருக்கு வேர்த்துவிடுகிறது, எனக்கும்தான். வாடகைக் காருக்கு ஒவ்வொரு வாரமும் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை.

இந்த வருஷ மிளகு விற்ற பணத்தோடு வீட்டில் இருந்ததையும் சேர்த்து 3 லட்சம் இருக்கிறது. எடுத்த பிறகு வரும் ரிப்பேரும் அதற்குள்தான். கடன் வாங்க மனசில்லை.

ரெண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, சேலத்தில் ஒரு கார் கன்சல்டிங்கில் (பழைய கார் விற்கும் கடை) நிற்கும் 2014 வேகன் ஆர் பெட்ரோல். மீட்டரில் 62,000 கிலோமீட்டர், ரெண்டாவது ஓனர், 2.90 கேட்கிறார்கள். பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருக்கிறது. இன்னொன்று, தெரிந்தவர் மூலமாக வந்த 2012 ஸ்விஃப்ட் டீசல். 1,18,000 ஓடியிருக்கிறது, 2.75 சொல்கிறார். ஓட்டிப் பார்த்தேன், இழுவை பிரமாதம்.

மாதம் 500 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். ஆனால் அந்த 500-ல் பெரும்பகுதி மலைதான். பைக் ஓட்டியே பழகியவன், காரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. எதைப் பார்க்க வேண்டும், எதற்கு என்ன விலை கொடுக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உபகாரமாக இருக்கும்.


ஆத்தூர் டீசல்:

கண்ணை மூடிக்கொண்டு ஸ்விஃப்ட் எடுங்கள் நண்பா. அந்த 1.3 டீசல் இன்ஜின் 2,000 ஆர்.பி.எம்மிலேயே (நிமிடத்துக்கு 2,000 சுற்று) 190 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவிசை, கொடுக்கும். வேகன் ஆர் 3,500-ல் 90 தான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவருக்கு இதற்கு மேல் என்ன சொல்ல? டைமிங் செயின் இன்ஜின், பெல்ட் மாற்றும் செலவும் இல்லை. நான் அதே வண்டியில் ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டேன்.


குகை மெக்கானிக்:

தம்பி, சேலம் குகைப் பகுதியில் ஒர்க்ஷாப் வைத்து 22 வருஷம் ஆகிறது. ஏற்காட்டு வண்டிகள் நிறைய என்னிடம் வரும். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

ஆத்தூர் நண்பர் இழுவையைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அவர் ஓட்டுகிற ஓட்டம் வேறு, உங்கள் ஓட்டம் வேறு. மாதம் 500 கிலோமீட்டருக்குக் கணக்குப் போடுங்கள். மலையில் வேகன் ஆர் 14 கொடுக்கிறது என்று வையுங்கள், 36 லிட்டர் பெட்ரோல். ஸ்விஃப்ட் 18 கொடுத்தால் 28 லிட்டர் டீசல். மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் ஆகும், வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம். லட்சத்துக்கு மேல் ஓடிய டீசலில் இன்ஜெக்டரோ டர்போவோ ஒருமுறை படுத்தால் அந்த மிச்சமெல்லாம் ஒரே நாளில் போகும். இன்னொன்று, 2012 வண்டிக்கு 2027-ல் 15 வருஷம் முடிகிறது. எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும், பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இதே வேலை. 2.75 கொடுத்து வாங்கி, கையில் 25,000 மட்டும் வைத்துக்கொண்டு டீசல் வண்டி வைக்காதீர்கள்.

அதற்காக அந்த வேகன் ஆரை எடுங்கள் என்றும் சொல்லமாட்டேன். பாலிஷுக்குக் காசு கொடுக்க வேண்டாம். மலை வண்டிக்கு மூன்று விஷயம்தான் உயிர்: கிளட்ச், பிரேக், கூலிங். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை, ஏற்காடு 1,500 மீட்டர். அடிவாரத்தில் ஆரம்பித்து அந்த உயரம் முழுவதையும் ஒரே மூச்சில் ஏறுகிறோம். முன்னால் ஒரு பஸ் வளைவில் நின்று திரும்பினால் பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாஃப் கிளட்சில் (கிளட்சைப் பாதி அழுத்தியபடி) நிற்கிறான். சேலம் ஊருக்குள் ஐந்து ரோட்டையும் ஜங்ஷனையும் சுற்றிக்கொண்டிருந்தால் இந்த மூன்றின் குறை எதுவும் வெளியே தெரியாது.

போவதற்கு முன்பே போன் செய்து, நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் முதலில் பானெட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் அவர்கள் ஏற்கனவே ஓட்டிவைத்திருக்கிறார்கள், குளிர்ந்த இன்ஜின் எப்படி எழும்புகிறது என்பதை நீங்கள் பார்க்கக் கூடாது என்று அர்த்தம். இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். உள்ளே கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) பச்சையோ சிவப்போ அதன் நிறத்தில் இருந்தால் சரி. செம்மண் கரைத்த மாதிரி இருந்தால் வெறும் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள், உள்ளே துருப்பிடித்திருக்கும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதியின் அடைப்பு) போயிருக்க வாய்ப்பு அதிகம், பேச்சையே நிறுத்திவிடலாம்.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் எல்லோரும் பயந்துவிடுவார்கள். ஏற்காட்டுக் குளிரில் கடைவீதிக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் நீராவி படிந்தும் அப்படி வரும். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். அதில் ஆயில் சுத்தமாக இருந்து, கூலன்ட்டிலும் எண்ணெய் இல்லை என்றால் பெரும்பாலும் பயமில்லை. குச்சியிலேயே காப்பியில் பால் கலந்த நிறம் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

கிளட்சுக்கு: ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் முடிந்துவிட்டது. அப்புறம் கட்டாயம் மலை ஏற்றிப் பாருங்கள், பெட்ரோல் காசு நீங்களே கொடுங்கள். பத்தாவது வளைவுக்குள் கருகல் வாடை வருகிறதா, சூடு காட்டும் முள் நடுவைத் தாண்டுகிறதா என்று கவனியுங்கள். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக் பெடல் போகப்போக உள்ளே இறங்கினால் பெரும்பாலும் பிரேக் ஆயில் பழசு, அதில் தண்ணீர் ஏறியிருக்கும். சூட்டில் அது கொதித்தால் பிரேக்கே பிடிக்காது. அதை மாற்றுவது சின்னச் செலவு, ஆனால் மாற்றாமல் ஒரு நாள்கூட அப்பாவை ஏற்றாதீர்கள்.

62,000 என்பதை நம்ப வேண்டாம். பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள். அறுபதாயிரம் ஓடிய வண்டியில் கோடுகள் மிச்சம் இருக்கும், வழவழவென்று ஆகியிருக்காது. பதிவு எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் எந்த வருஷம் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று விற்பவரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். கண்ணாடிகளின் மூலையில் சின்னதாக வருஷக் குறி இருக்கும். எல்லாம் ஒரே வருஷமாக இருந்து ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை உருவிப் பாருங்கள். மேலே சுத்தமாகவும் அடியில் சேற்றுக் கறையாகவும் இருந்தால் தண்ணீரில் நின்ற வண்டி. 2015-லும் 2023-லும் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. அந்த மாதிரி வண்டி கழுவித் துடைத்து எந்த ஊருக்கும் வரலாம். டயரில் நாலு எண் இருக்கும், 3519 என்றால் 2019-ன் முப்பத்தைந்தாவது வாரம் செய்தது. பட்டன் (டயரின் மேல் உள்ள மேடு) நிறைய இருந்தாலும் டயர் ஆறு வருஷம் தாண்டியிருந்தால் புது டயர் காசை விலையில் கழியுங்கள்.

கேட்கிற விலை அல்ல, முதல் ஆறு மாதத்தில் உங்கள் கையைவிட்டுப் போகும் மொத்தப் பணம்தான் வண்டியின் விலை.


அஸ்தம்பட்டி டீச்சர்:

மெக்கானிக் தம்பி வண்டியைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் பேப்பரைப் பற்றிச் சொல்கிறேன், பட்டவள் என்பதால். ஐந்து வருஷம் முன்பு என் பழைய காரை ஒரு புரோக்கரிடம் கொடுத்தேன். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 ரெண்டிலும் வாங்குபவர் பெயரை எழுதாமலே கையெழுத்து வாங்கிக்கொண்டார். வண்டி யார் யார் கையிலோ போனது. அபராதச் சலான் எல்லாம் என் போனுக்கு வந்தது. எட்டு மாதம் அலைந்தேன்.

வாங்குகிற நீங்களும் இதே குழியில் விழலாம். ஆர்.சி.யில் இருக்கிற பெயர்க்காரரை நேரில் பார்க்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். அரசின் வாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் பதிவு இருக்கிறதா, சலான் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க 30 நாள் கெடு, இன்ஷூரன்ஸ் மாற்ற 14 நாள் கெடு. விற்பவருடைய நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காதவருக்கு இன்ஷூரன்ஸில் தரும் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது ஆளைச் சேர்ந்தது. அதனால் இன்ஷூரன்ஸில் கூடுதல் தொகை கட்ட வேண்டி வரும், அதையும் ஒதுக்கி வையுங்கள்.

இன்னொன்று. அப்பாவை ஒருமுறை அழைத்துப்போய் அந்த சீட்டில் உட்காரவைத்துப் பாருங்கள். என் கணவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோதுதான் கார் கதவின் உயரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரிந்தது.


ஆத்தூர் டீசல்:

டீச்சரம்மா சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்விஃப்ட் சீட் தாழ்வுதான், ஒப்புக்கொள்கிறேன். 500 கிலோமீட்டர் என்பதையும் சரியாகக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். நான் மாதம் 3,000 ஓட்டுகிறவன்.


நாகலூர்க்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். காப்பி பழம் பறிப்பு நடந்துகொண்டிருக்கிறது, ஆள் கிடைப்பதே பாடாக இருக்கிறது.

முதலில் டீச்சர் சொன்னதைச் செய்தேன். ஸ்விஃப்ட் வீட்டுக்கே வந்தது. அப்பா உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை. இடது காலை வெளியே எடுத்துவைத்து, கதவுத் தூணைப் பிடித்து, மூன்று தடவை முயற்சி செய்தார். மூன்றாவது தடவை என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு "விடுப்பா, பஸ்ஸே போதும்" என்றார். அந்த நிமிஷமே ஸ்விஃப்ட் முடிந்துவிட்டது.

கன்சல்டிங் வேகன் ஆருக்குப் போனேன். அதில் அப்பா சிரமமில்லாமல் உட்கார்ந்தார், இடுப்பு உயரத்துக்கே சீட் இருக்கிறது. ஆனால் பானெட் சூடாக இருந்தது. மலை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றதும், மலைக்குக் கீழே இருக்கும் கோரிமேடு வரை வேண்டுமானால் போய் வாருங்கள் என்றார்கள். பெடல் ரப்பர் கண்ணாடி மாதிரி வழுக்கியது. சர்வீஸ் விவரம் கேட்டு ரெண்டு நாள் நச்சரித்தேன். வந்தது. 2021-லேயே 78,000-ல் சர்வீஸுக்கு வந்திருக்கிறது. மீட்டரில் 62,000. நான் ஒன்றும் பேசவில்லை, கொடுத்த டோக்கன் அட்வான்ஸ் ஆயிரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது புதிதாக ஒன்று. ஏற்காட்டிலேயே ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரின் 2015 வேகன் ஆர், ஒரே ஓனர், 71,000 கிலோமீட்டர். வெளியே பார்க்க சுமார்தான். பின் பம்பரில் நீளமாகக் கீறல், இடது கதவில் ஒரு நெளிவு, கூரையில் வெயிலில் வெளுத்த பெயின்ட். ஆனால் ஒவ்வொரு சர்வீஸ் பில்லையும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் தேதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். கிளட்ச் பிளேட் ரெண்டு வருஷம் முன்பு மாற்றியதற்கும் பில் இருக்கிறது. காலையில் குளிர்ந்த இன்ஜினை என் கையாலேயே ஸ்டார்ட் செய்தேன். அடிவாரம் வரை இறங்கி மறுபடி ஏறினேன். வாடை இல்லை, முள் நகரவில்லை. இறங்கும்போது பிரேக் பெடல் மட்டும் கொஞ்சம் அமுங்கியது. டயர் நாலும் 2018. 2.60 கேட்டார், டயரையும் பிரேக்கையும் காட்டி 2.35-க்கு வந்திருக்கிறார்.

ஒரே தயக்கம். ஆர்.சி.யில் இன்னும் வங்கி பெயர் இருக்கிறது. கடன் எப்போதோ முடிந்துவிட்டது என்கிறார். எடுக்கலாமா?


குகை மெக்கானிக்:

எடுக்கலாம் தம்பி, 2.35 நியாயமான விலைதான். பில் வைத்திருப்பவர் வண்டியைப் பார்த்துக்கொண்டவர். கீறலையும் நெளிவையும் அப்படியே விடுங்கள், டிங்கரிங் பண்ணிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். டயருக்கும் பிரேக்குக்கும் இன்ஷூரன்ஸுக்கும் போக உங்களுக்கு 30,000 கையில் நிற்கும்.

வங்கி விஷயத்துக்கு, கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), வங்கி முத்திரை போட்ட ஃபார்ம் 35-ம் அந்த அம்மாவை வாங்கச் சொல்லுங்கள். கடன் முடித்த பலர் இதைச் செய்யாமலே விட்டுவிடுவார்கள். அது கைக்கு வரும் வரை 25,000 அட்வான்ஸுக்கு மேல் கொடுக்காதீர்கள். ஹெச்.பி. கேன்சலும் (ஆர்.சி.யிலிருந்து வங்கி பெயரை நீக்குவது) பெயர் மாற்றமும் சேர்த்தே விண்ணப்பிக்கலாம்.


நாகலூர்க்காரன்:

நேற்று அந்த நர்ஸ் அம்மாவோடு வங்கிக்குப் போனேன். என்.ஓ.சி. அடுத்த வாரம் தருகிறார்களாம். அட்வான்ஸ் 25,000 கொடுத்து, வெள்ளைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

அப்பா அந்த அம்மா வீட்டு வாசலில் நின்ற வண்டியில் தானாகவே கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, பெல்ட்டையும் வலது கையால் இழுத்து மாட்டிக்கொண்டார். அண்ணா, பிரேக் ஆயில் மாற்றாமல் அவரை ஏற்றமாட்டேன். பேப்பர் முடிந்ததும் முதலில் உங்கள் ஒர்க்ஷாப்புக்குத்தான் தனியாக வருகிறேன். குகையில் எந்த இடம் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.