இயர்பட்டுக்கு மாற்று ஃபோம் டிப்: காதில் பொருந்துகிறது, பெட்டி மூடவில்லை, இடது பக்கம் சார்ஜ் ஏறவில்லை

கேள்வி – தாம்பரம் பயணி

அனைவருக்கும் வணக்கம். தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் வரை நாள்தோறும் மின்சார ரயிலில் சென்று வருகிறேன். இரைச்சல் நீக்கும் வசதியுள்ள வயர்லெஸ் இயர்பட் ஒன்றைப் பயன்படுத்துகிறேன். அதனுடன் வந்த சிலிக்கான் டிப்களில் (காதுக்குள் நுழையும் மென்மையான உறைகள்) நடுத்தர அளவு என் வலது காதுக்குச் சரியாக இருக்கிறது; இடது காதில் அதே அளவு தளர்ந்து, தாடையை அசைத்தாலே பாஸ் (தாழ்ந்த அதிர்வெண் ஒலி) முழுவதும் காணாமல் போய்விடுகிறது. பெரிய அளவைப் போட்டால் சிறிது நேரத்திலேயே வலி தொடங்குகிறது.

இதனால் எல்லா இயர்பட்டுக்கும் பொருந்தும் என்ற குறிப்புடன் கடையில் விற்ற ஃபோம் டிப்களை வாங்கினேன். வலது பக்கத்துக்கு நடுத்தர அளவும் இடது பக்கத்துக்குப் பெரிய அளவும் மாட்டியிருக்கிறேன். காதுக்கு மிகவும் இதமாக இருக்கின்றன. ஆனால் சார்ஜிங் பெட்டியின் மூடி முழுமையாக மூடுவதில்லை; வலது பட் சார்ஜ் ஆகிறது, இடது பட் ஆவதில்லை. இடது டிப் ஒரு முறை பட்டிலிருந்து கழன்று காதுக்குள்ளேயே தங்கிவிட்டது. விரலால் எடுக்க முடிந்தது என்றாலும் அச்சமாக இருந்தது. என் இயர்பட்டின் நாசில் (ஒலி வெளிவரும், டிப்பை மாட்டும் குழல்) வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருக்கிறது. அடுத்த டிப்பை வாங்கும் முன் எவற்றை அளந்து பார்க்க வேண்டும்? ஃபோம் டிப் ஒலியை மாற்றுமா? நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் அது எவ்வளவு காலம் தாங்கும்?

பதில் – காலிப்பர்

வணக்கம் ஐயா. மூடி மூடாதது, சார்ஜ் ஏறாதது, டிப் காதில் தங்கியது என நீங்கள் சொல்லும் மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன்.

நாசிலின் நுனியைக் கூர்ந்து பாருங்கள். நுனியில் சற்றே புடைத்த விளிம்பு ஒன்றும், அதற்குப் பின்னால் ஒடுங்கிய கழுத்து ஒன்றும் இருக்கும். டிப்பின் நடுக்குழாய் அந்த விளிம்பைத் தாண்டிக் கழுத்தில் போய் உட்கார்ந்தால்தான் அது உறுதியாக நிற்கும். வட்டமான, கெட்டியான நடுக்குழாய் கொண்ட டிப்பை முட்டை வடிவ நாசிலில் மாட்டும்போது அது பெரும்பாலும் விளிம்பின் மேலேயே நின்றுவிடுகிறது. கழுத்துக்குள் இறங்க வேண்டிய நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் பெட்டியின் குழிக்குள் பட் முழுமையாக இறங்குவதில்லை. பெட்டியில் இருக்கும் சிறு உலோக ஊசிகள் பட்டின் தொடுபுள்ளிகளைத் தொட்டால்தான் சார்ஜ் ஏறும். ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருந்தாலும் தொடர்பு அறுந்துவிடும். இடது பக்கத்தில் பெரிய அளவைப் போட்டிருப்பதால், அந்த ஃபோம் குழியின் சுவரை முட்டிக்கொண்டும் நிற்கலாம்; வலது பக்கம் மட்டும் சார்ஜ் ஆவதற்கு அது போதுமான காரணம்.

உறுதி செய்துகொள்வது எளிது. இடது டிப்பைக் கழற்றிவிட்டு, பட்டை மட்டும் பெட்டியில் வையுங்கள். சார்ஜ் ஏறினால் பட்டிலும் பெட்டியிலும் பழுது இல்லை, குறை டிப்பில்தான். ஏறாவிட்டால் உலர்ந்த பருத்தித் துணியால் தொடுபுள்ளிகளைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். எக்காரணம் கொண்டும் மூடியை அழுத்தி மூடி இரவு முழுவதும் வைத்துவிடாதீர்கள். நசுங்கிய நிலையிலேயே கிடக்கும் ஃபோம் தன் பழைய வடிவத்துக்கு முழுமையாகத் திரும்பாது. சரியாக உட்காராத பட் அணையாமல் கைபேசியுடன் இணைந்தே இருந்து, காலையில் பேட்டரி தீர்ந்தும் கிடக்கும்.

வெர்னியர் காலிப்பரால் நாசில் விளிம்பின் நீள விட்டம், குறுக்கு விட்டம், கழுத்தின் தடிமன் ஆகியவற்றை அளந்துகொள்ளுங்கள். இவற்றைவிட முக்கியமானது, கம்பெனி கொடுத்த சிலிக்கான் டிப்பின் மொத்த உயரம். அந்த உயரத்துக்குத்தான் பெட்டியின் குழி வார்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே அதுவே உங்களுக்கு மேல் வரம்பு. ஃபோம் டிப் அதே உயரமாகவோ அதைவிடக் குட்டையாகவோ இருக்க வேண்டும். காம்ப்ளை போன்ற நிறுவனங்கள் நடுக்குழாயின் அகலத்தை 100, 200, 400, 500 என்ற எண்களால் குறிப்பிட்டு விற்றுவந்தன. அவை வயர் இயர்போன்களின் வட்ட நாசில்களுக்கு ஏற்றவை. முட்டை வடிவத்துக்கு அந்த எண்கள் வழிகாட்டாது. உங்கள் மாடலின் பெயரைக் குறிப்பிட்டே தயாரிக்கப்பட்ட ஃபோம் டிப்பைத் தேடுங்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று எழுதியிருப்பதை, வயர்லெஸ் இயர்பட்டைப் பொறுத்தவரை, நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

பதில் – இசைக்காதலி

ஒலி பற்றிய கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் இழந்த பாஸ், இடைவெளி வழியே கசிந்துபோன பாஸ். காதுக்குழாய் நன்றாக அடைபட்டால் அது தானே திரும்பிவிடும். ஆனால் கசிவு காதின் சுவரோரத்தில் மட்டுமன்றி, முட்டை வடிவ நாசிலுக்கும் வட்டக் குழாய்க்கும் இடையிலும் ஏற்படும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அங்கே கசிந்தால் காதில் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தினாலும் பயனில்லை.

ஃபோம் பொதுவாக ட்ரெபிளை, அதாவது மேல் அதிர்வெண் ஒலியை, சிறிது மென்மையாக்கும். நடுக்குழாயின் வாய் குறுகலாக இருந்தால் அது இன்னும் கூடுதலாகத் தெரியும். வயலினிலும் ஜால்ராவிலும் உள்ள கூர்மையை விரும்பிக் கேட்பவர்களுக்கு அது சற்று மங்கலாகப் படலாம். ஒலியின் அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் மேல் அதிர்வெண்களைக் கொஞ்சம் உயர்த்தினால் பெரும்பாலும் ஈடாகிவிடும்.

ரயில் பயணத்துக்கு ஃபோம் ஏற்றது என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. மின்னணு முறையில் இரைச்சலை நீக்கும் வசதி, சக்கரத்தின் உறுமல் போன்ற தாழ்ந்த அதிர்வெண்களில்தான் வலுவாக வேலை செய்கிறது. அருகிலிருப்பவர் பேச்சு, பிரேக்கின் கிறீச்சொலி போன்ற மேல் அதிர்வெண்களைத் தடுப்பது பெரும்பாலும் டிப்பின் பொறுப்பே. தயாரிப்பாளர்களே இப்போது இந்த வழிக்கு வந்திருக்கிறார்கள்: சோனி 2023இல் வெளியிட்ட டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்5 பெட்டியிலேயே ஃபோம் டிப்கள் நான்கு அளவுகளில் வந்தன, ஆப்பிள் 2025இல் வெளியிட்ட ஏர்பாட்ஸ் ப்ரோ 3இன் டிப்களில் சிலிக்கானுக்குள் ஃபோம் நிரப்பி, ஐந்து அளவுகளில் தருகிறது. ஒரே ஒரு வேண்டுகோள்: தண்டவாளத்தைக் கடக்கும்போதும் நடைமேடையின் ஓரத்தில் நிற்கும்போதும் இரண்டு பட்களையும் கழற்றிவிடுங்கள். ஃபோம் உண்மையாகவே ஹாரனையும் மங்கச் செய்துவிடும்.

பதில் – செவித்திறன் பரிசோதகர்

டிப் காதில் தங்கியதைப் படித்ததால் எழுதுகிறேன். விரல் நுனிக்கு எட்டாத ஆழத்தில் டிப் தங்கிவிட்டால் காது குடையும் பஞ்சுக்குச்சி, ஹேர்பின், இடுக்கி எதையும் உள்ளே விடாதீர்கள். பெரும்பாலும் அவை டிப்பை இன்னும் உள்ளே தள்ளிவிடும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றால் சிறிது நேரத்தில் எடுத்துவிடுவார். கழன்ற டிப்பை மறுபடி பயன்படுத்தவும் வேண்டாம்.

இரண்டு காதுக்குழாய்களும் ஒரே அளவில் இல்லாமல் இருப்பது இயல்பே. பக்கத்துக்கு ஓர் அளவு போடுவதில் தவறில்லை. வலி வந்தால் டிப் பெரிது என்று பொருள். பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. ஃபோம் விரிந்து பொருந்தும் பொருள் என்பதால் பலருக்குச் சிலிக்கானில் போட்ட அளவைவிடச் சிறியதே போதுமானதாக இருக்கிறது. ஆகவே இடது பக்கத்துக்கும் நடுத்தர ஃபோமை முதலில் முயன்று பாருங்கள்.

நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் காதுக்குழாய் நெடுநேரம் அடைபட்டே இருந்தால் பூஞ்சைத் தொற்று வர வாய்ப்பு அதிகம். அரிப்பு, நீர் வடிதல், அடைப்பு உணர்வு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் டிப்பை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். குளித்த உடனே ஈரக்காதில் ஃபோமைப் போடும் பழக்கம் இருந்தால் அதை அவசியம் விட்டுவிட வேண்டும்.

கேட்டவர் – தாம்பரம் பயணி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டிப்பைக் கழற்றி வைத்ததும் இடது பட் உடனே சார்ஜ் ஆகத் தொடங்கியது. காலிப்பரில் அளந்தபோது நாசில் விளிம்பு நீளவாக்கில் 6.1 மி.மீ., குறுக்கே 4.9 மி.மீ. இருந்தது. சிலிக்கான் டிப்பின் உயரம் 7 மி.மீ.; ஃபோம் டிப் 9.5 மி.மீ. அதன் நடுக்குழாய் விளிம்பைத் தாண்டவேயில்லை என்பதையும் இப்போது கண்ணால் பார்த்துவிட்டேன். என் மாடலுக்கென்றே செய்த, முட்டை வடிவ நடுக்குழாயுள்ள ஃபோம் டிப் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன்; உயரம் 6.5 மி.மீ. என்று குறித்திருக்கிறார்கள். சிறியது ஒரு ஜோடியும் நடுத்தரம் ஒரு ஜோடியும் கலந்த பொதியை வாங்கலாமா? மாட்டும் முறையையும் பராமரிப்பையும் யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் – காலிப்பர்

தாராளமாக வாங்குங்கள் ஐயா. கலந்த பொதியே முதல் முறைக்கு நல்லது. வந்தவுடன் மாட்டி, இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். எளிதில் கழன்று வந்தால் காதில் போட வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மெமரி ஃபோம் வெப்பத்துக்கு ஏற்ப இளகும் பொருள். குளிர்ந்த ஊர்களில் அது நசுக்கிய பிறகு மெதுவாக விரியும்; நம் மே மாத வெயிலில் காதை எட்டும் முன்பே விரிந்துவிடும். ஆகவே நசுக்கிய கணமே உள்ளே செலுத்த வேண்டும். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்தால் குழாய் நேராகி வழிவிடும். உள்ளே சென்றதும் ஃபோம் முழுமையாக விரியும்வரை, அரை நிமிடத்துக்குக் குறைவாகவே ஆகும், பட்டைத் தாங்கிப் பிடியுங்கள். அப்போது விரல் பட்டு பாட்டு நின்றும் ஓடியும் தொல்லை தந்தால், இயர்பட்டின் கைபேசிச் செயலியில் தொடு கட்டுப்பாட்டை அணைத்துவிட்டுப் பழகுங்கள். செயலியில் பொருத்தச் சோதனை இருந்தால் ஒவ்வோர் அளவையும் அதில் ஓட்டிப் பாருங்கள். அது கசிவைத்தான் பார்க்கிறது, வலியை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஆயுளைப் பொறுத்தவரை, அன்றாடம் பயன்படுத்தினால் இரண்டு மூன்று மாதங்களில் மாற்ற வேண்டியிருக்கும் என்று கருதியே வாங்குங்கள். வியர்வையும் காதுக்குறும்பியும் ஃபோமைச் சிதைக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பவரானால் காதோரத்தைத் துடைத்த பிறகே அணியுங்கள். ஈரத்துணியால் மெல்ல ஒற்றியெடுத்து, நன்கு உலர்ந்த பிறகு பெட்டிக்குள் வையுங்கள். சானிடைசரும் ஸ்பிரிட்டும் ஃபோமைக் கெடுத்துவிடும். நசுக்கினால் விரியாமல் கிடந்தாலோ, மேற்பரப்பு பளபளப்பாகி வெடிப்பு விட்டாலோ அதன் காலம் முடிந்துவிட்டது.

நடைப்பயிற்சிக்கு மட்டும் பழைய நடுத்தர சிலிக்கானையே போடுங்கள். வியர்த்தால் கழுவிக்கொள்ளலாம், சுற்றுப்புற ஒலியும் ஓரளவு காதில் விழும்.