பெட்டியும் நாற்காலியும்: நூலகத்தில் ஆள் மாறியபோது நடந்தவை

கிளை நூலகர், இப்போது இரண்டு கிளைகளுக்குப் பொறுப்பு

என் கிளையோடு இன்னொரு கிளையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஆணை வந்தது. அந்தக் கிளையின் நூலகர் அன்று மாலையே ஓய்வு பெறுகிறார். பொறுப்பு ஒப்படைப்பு என்று பெயர்தான் பெரிது, மொத்தமே ஒன்றரை மணி நேரம். சாவிக்கொத்து, அக்செஷன் ரெஜிஸ்டர் (புத்தக வரவுப் பதிவேடு), தளவாடப் பட்டியல், இரவல் கணக்கு. 'சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எதையும் சரிபார்க்கவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "எல்லாம் அதது இடத்துல இருக்கு சார்" என்றார்.

திங்கட்கிழமை இருப்பைப் பார்க்க ஆரம்பித்தேன். கவுண்டருக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டி, உள்ளே பதினோரு புத்தகங்கள். யார் பேரிலும் இரவல் போகவில்லை. நாவல் நாலு, வரலாறு, பயணக் கட்டுரை, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. கடைசி நாள் சோம்பலில் அடுக்காமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன் என்று நினைத்து, ஒவ்வொன்றையும் பகுப்பு எண் பார்த்து அதனதன் ரேக்கில் செருகினேன். சுத்தம் செய்துவிட்ட திருப்தி வேறு.

புதன்கிழமை ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் வந்தார். கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு பேசாமல் நின்றார். நான் நிமிர்ந்து பார்த்து, "என்ன வேணும் ஐயா?" என்றேன். "பெட்டி" என்றார்.

அவருக்கு முட்டி மடங்காது. அந்தக் கட்டடத்தில் ரேக்கின் கடைசித் தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரம். குனிந்தால் போதாது, குந்தி உட்கார்ந்தால்தான் புத்தகத்தின் முதுகில் இருக்கும் பெயரைப் படிக்க முடியும். பழைய நூலகர் வாரம் ஒரு முறை கீழ்த்தட்டைத் துழாவி, இவருக்கும் இவரைப் போல இன்னும் மூன்று பேருக்கும் பிடிக்கும் என்று தோன்றியதை எடுத்துப் பெட்டியில் போட்டு வைப்பாராம். பல வருடங்களாக. நான் வாங்கிய எந்தப் பதிவேட்டிலும் இது இல்லை.

நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. பரீட்சைக்கு அதை மனப்பாடமாக எழுதியவன் நான். பெட்டியைக் கலைத்ததும் நான்தான்.

இப்போதெல்லாம் பொறுப்பு வாங்கும்போது ஒரு கேள்வி கேட்கிறேன்: "தினமும் செய்வீங்க, ஆனா எங்கயும் எழுதி வெச்சிருக்க மாட்டீங்க. அப்படி என்ன இருக்கு?" முதலில் ஒன்றுமில்லை என்பார்கள். கொஞ்சம் பொறுத்தால் வரும். உங்கள் இடத்தில் ஆள் மாறியபோது என்ன காணாமல் போனது என்று எழுதுங்களேன்.


கொள்முதல் பிரிவில் இருந்தவன்

உங்களுக்குப் பெட்டி, எனக்கு ஒரு மாத இதழ்.

முதலில் ஒரு கணக்கு. வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. நூறு ரூபாயில் எண்பது சம்பளம், வாடகை, மின்சாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருபதுதான் புத்தகத்துக்கும் இதழுக்கும். 'பத்து சதவீதம்தானே குறைத்திருக்கிறோம்' என்று மேலிருந்து சொல்வார்கள். எண்பதில் கை வைக்க முடியாது. ஆகவே அந்தப் பத்தும் இருபதிலிருந்துதான் போகும். பத்து சதவீத வெட்டு புத்தகத்துக்கு வரும்போது பாதியாகிவிடும். எண்பதிலும் கை வைக்கும் வழி ஒன்று உண்டு: ஓய்வு பெறுகிறவர் இடத்தை நிரப்பாமல் விடுவது. மேலே எழுதியவருக்கு இரண்டாவது கிளை வந்தது அந்த வழியில்தான்.

அந்த வருடம் பருவ இதழ்களைக் குறைக்கச் சொன்னார்கள். கண்மூடித்தனமாக வெட்டக் கூடாது என்று ஒரு மாதம் கணக்கெடுத்தேன். 'படித்த இதழை மேஜையிலேயே விட்டுவிடுங்கள், நாங்கள் எடுத்து வைத்துக்கொள்கிறோம்' என்று எழுதி ஒட்டினேன். மேஜையிலிருந்து எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் இதழின் அட்டையில் ஒட்டிய சீட்டில் ஒரு கோடு. மாதக் கடைசியில் கோடு குறைந்த ஆறு இதழ்களை நிறுத்தப் பரிந்துரை செய்தேன். மூன்றே கோடு வாங்கிய போட்டித் தேர்வு மாத இதழும் அதில் உண்டு.

நிறுத்திய மறு மாதமே ஏழெட்டுப் பிள்ளைகள் ஒன்றாக வந்து நின்றார்கள். அந்த இதழ் மேஜைக்கு வரவே வராது. ஒருவன் படித்து முடித்ததும் அடுத்தவன் கைக்கு நேராகப் போய்விடும், காலையிலிருந்து சாயங்காலம் வரை. மேஜையில் கிடந்தால்தானே நான் கோடு போடுவேன்? அதிகம் படிக்கப்பட்டதுதான் என் கணக்கில் கடைசி. வாசிப்பு அறையைப் பெருக்கும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பிறகு கேட்டபோது சிரித்துவிட்டு, "அது கீழ வெச்சு நான் பார்த்ததே இல்ல சார்" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேரத்தைக் குறைத்தால் சத்தம் வரும், புத்தகத்தைக் குறைத்தால் வராது. நியூயார்க் நகரின் பொது நூலகங்களில் 2023 நவம்பரில் நிதி வெட்டு காரணமாக ஞாயிற்றுக்கிழமைச் சேவையை நிறுத்தினார்கள். ஊரே பேசியது, 2024-இல் பணம் திரும்ப வந்தது. அவர்கள் புத்தகக் கொள்முதலை மட்டும் சத்தமில்லாமல் குறைத்திருந்தால் அத்தனை பேர் பேசியிருப்பார்களா? எனக்குச் சந்தேகம். மூடிய கதவு அன்றைக்கே கண்ணில் படும். வாங்காத புத்தகம் யார் கண்ணிலும் படாது. மூன்று வருடம் கழித்து 'இங்க எல்லாம் பழசா இருக்கு' என்று வாசகர் வராமல் நின்றுவிடுவார், வருகை குறைந்துவிட்டது என்று அடுத்த வெட்டு வரும். இதை அறிக்கையில் எழுதிப் பார்த்தேன். 'கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பதில் வந்தது. அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.


ஒப்பந்தப் பணி, மூன்றாவது வருடம்

இரண்டு அண்ணன்களும் எழுதியதைப் படித்த பிறகு என்னுடையதையும் எழுதலாம் என்று தோன்றியது. பயிற்சி பற்றி.

சேர்ந்த நான்காவது மாதம், நூலகத்தின் புத்தகப் பட்டியலையும் இரவலையும் கணினியில் பார்த்துக்கொள்ளும் கோஹா மென்பொருளுக்கு ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். நல்ல பயிற்சிதான், குறை சொல்ல மாட்டேன். நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலகக் குழுமம், 2000 பிறக்கும்போது தங்கள் பழைய கணினி முறை படுத்துவிடும் என்ற பயத்தில் செய்யவைத்த மென்பொருள் அது. 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. அப்புறம் உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை என்று பயிற்சியாளர் சொன்னபோது பிடித்திருந்தது. கிளைக்குத் திரும்பினால் கணினி திறக்கவே கால் மணி நேரம். சர்வர் நின்றால் யாரைக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியாது. கொடை வந்துவிட்டது, அதைக் கட்டிக் காப்பாற்றத் தெரிந்த ஆளுக்குத்தான் பணம் இல்லை.

ஆனால் நான் உண்மையில் வேலை கற்றுக்கொண்டது ஓர் அக்காவிடம். இருபது நாள், விசாரணை மேஜையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து. முதல் நாள் ஒருவர் வந்து, "சட்டப் புத்தகமெல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டார். நான் கையைக் காட்டி, "மூணாவது ரேக், இடது பக்கம்" என்றேன். அக்கா என்னைப் பார்த்துவிட்டு எழுந்து அவரோடு நடந்து போனார். திரும்பி வர இருபது நிமிடம் ஆயிற்று.

அந்த மனிதருக்கு வந்திருந்தது வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு நோட்டீஸ். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தார். அதை மேஜையில் நின்றுகொண்டு எல்லார் காதிலும் விழச் சொல்ல முடியாது, அதனால்தான் 'சட்டப் புத்தகம்'. ரேக் பக்கம் போனதும், முதுகைக் காட்டிக்கொண்டு புத்தகத்தைத் துழாவுகிற சாக்கில், மெதுவாகச் சொல்லியிருக்கிறார். அக்கா வாடகைச் சட்டப் புத்தகத்தோடு இலவசச் சட்ட உதவிக்கு எங்கே போக வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்து அனுப்பினார். அப்புறம் என்னிடம் சொன்னார்: "கையக் காட்டாத. எழுந்து கூடப் போ. மேஜைக்கு முன்னால வர்ற கேள்வி ஒண்ணு, நடக்கும்போது வர்ற கேள்வி வேற."

அக்காவை இப்போது வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே நான் ஒருத்திதான். எழுந்து போனால் கவுண்டரில் யாருமில்லை. தானே இரவல் எடுத்துக்கொள்ளும் இயந்திரம் ஒன்று வந்தது. 'இனிமேல் ஊழியர்கள் வாசகரோடு அதிக நேரம் செலவிடலாம்' என்றார்கள். அடுத்த மாதம் ஓர் ஊழியரைக் குறைத்துவிட்டார்கள். நேற்று ஒரு பெண் வந்து, "குழந்தை வளர்ப்பு புத்தகம் எங்கக்கா?" என்று கேட்டாள். பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். நான் கையைக் காட்டினேன்.

நூலகருக்குத் தொடர் பயிற்சி இன்றியமையாதது என்று யுனெஸ்கோவும் நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பும் 1994-இல் வெளியிட்ட பொது நூலக அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த இருபது நாள் எந்தப் பயிற்சிக் கணக்கிலும் வராது, சான்றிதழும் கிடையாது.


தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கும் வேலை

ஆள் இல்லை என்றதும் எல்லாரும் சொல்லும் மருந்து தன்னார்வலர்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. ஆனால் இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

ஒன்று சிரிக்க. மிக ஆர்வமான ஓர் அம்மா. சிறுவர் பகுதியை ஒரே நாளில் அடுக்கி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அழகாக இருந்தது. குட்டையிலிருந்து நெட்டை வரை படிக்கட்டு மாதிரி. உயரப்படி அடுக்கியிருந்தார்! பொருள்வாரியாக எண் கொடுத்துப் புத்தகத்தை அடுக்கும் தசமப் பகுப்பு 1876-லிருந்து இருக்கிறது அம்மா என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். தப்பு என்னுடையதுதான், எண் எதற்கு என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

இரண்டாவது சிரிக்க முடியாதது. கவுண்டரில் இருந்த ஒரு தன்னார்வலர், நல்ல எண்ணத்தில்தான், வந்த ஒருவரிடம், "உங்க பக்கத்து வீட்டு அம்மா போன வாரம் விவாகரத்து பத்தி ரெண்டு புத்தகம் எடுத்துட்டுப் போனாங்க, எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டார். மூன்றாம் நாள் அந்த அம்மா வந்தார். சண்டை போடவில்லை. இரண்டு புத்தகங்களையும் உறுப்பினர் அட்டையையும் கவுண்டரில் வைத்துவிட்டு, வைப்புத்தொகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதிலிருந்து எங்கள் பயிற்சியின் முதல் அரை மணி நேரம் இதுதான்: யார் என்ன படிக்கிறார்கள் என்பது இந்தக் கவுண்டரைத் தாண்டக் கூடாது, வீட்டில்கூடப் பேசக் கூடாது. அடுக்குவது, பார்கோடு ஒட்டுவது எல்லாம் அதற்குப் பிறகு. சம்பளம் வாங்கும் ஊழியர் இப்படிப் பேசினால் விளக்கம் கேட்கலாம். தன்னார்வலரிடம் என்ன கேட்பது? அவர் மனம் நொந்து நின்றுவிட்டார். நான் ஒரு வாசகரையும் இழந்தேன், ஒரு தன்னார்வலரையும் இழந்தேன்.


வாசகர், நூலக ஊழியர் அல்ல

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எல்லாரும் பழைய நூலகரைப் புகழ்ந்துகொண்டே இருக்கிறீர்கள். எங்கள் கிளையிலும் கவுண்டருக்குக் கீழே ஒரு பெட்டி இருந்தது. புதிதாக வருகிற புத்தகமெல்லாம் முதலில் அதற்குள்தான் போகும். அவருக்கு வேண்டிய நாலைந்து பேர் படித்து முடித்த பிறகுதான் ரேக்குக்கு வரும், அதற்குள் மூன்று மாதம் ஆகிவிடும். கேட்டால் 'இன்னும் பதிவு ஆகல' என்பார். அவர் மாறுதலில் போய்ப் புதுப் பெண் ஒருவர் வந்தார். வந்த முதல் வாரமே பெட்டியைக் கொட்டி எல்லாவற்றையும் வாசலுக்கு எதிரே அடுக்கிவிட்டார். எங்களுக்கு அன்றைக்குத் திருவிழாதான். ஆள் மாறுவதில் நல்லதும் நடக்கும் ஐயா.


முதலில் எழுதிய கிளை நூலகர்

வாசகர் சொன்னது சுருக்கென்று பட்டது. நியாயம்தான். என் பெட்டியையும் வெளியிலிருந்து பார்க்கிறவர் அப்படித்தானே நினைப்பார்?

ஒரு வாரம் யோசித்து, பெட்டியைக் கவுண்டருக்கு மேலே ஏற்றிவிட்டேன். 'கீழ்த்தட்டிலிருந்து எடுத்தவை, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். இப்போது பெட்டி சீக்கிரம் காலியாகிவிடுகிறது, வாரம் இரண்டு முறை நிரப்ப வேண்டியிருக்கிறது. முட்டி நன்றாக இருப்பவர்களும் எடுக்கிறார்கள். கீழ்த்தட்டில் இப்படியெல்லாம் புத்தகம் இருக்கிறதா என்று என்னையே கேட்கிறார்கள்.

மூன்றாவதாக எழுதிய தங்கைக்கு: எனக்கும் ஒரே கவுண்டர், ஒரே ஆள்தான். மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் வருகிறவர்களோடு மட்டும் எழுந்து நடக்கிறேன். மற்ற நேரத்தில் கேட்பவர்களிடம், அவசரமில்லை என்றால் இரண்டு மணிக்கு வரமுடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன். பாதிப் பேர் வருகிறார்கள். மீதிப் பேருக்குக் கையைத்தான் காட்டுகிறேன்.

பெரியவர் புதன்கிழமைதோறும் வருகிறார். போன வாரம் அந்தக் கிளையைச் செவ்வாய், வியாழன் மட்டும் திறந்தால் போதும் என்று புது ஆணை வந்திருக்கிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.